யார் கை என்று ஊருக்குத் தெரியும்

மதுபனி ஓவியத்தைப் பற்றி நம்மிடையே ஒரு கதை நிலைத்துவிட்டது. கண்காட்சி அட்டையில் அதைப் படிக்கலாம், புடவை விளம்பரத்தில் படிக்கலாம், போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகத்திலும் படிக்கலாம். கதை இதுதான். ஜனக மகாராஜா தன் மகள் சீதையின் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் சித்திரம் எழுதச் சொன்னார். அன்றிலிருந்து பீகாரின் மிதிலைப் பகுதியில், பெயர் தெரியாத எளிய கிராமத்துப் பெண்கள், வீட்டு வேலை முடிந்த ஓய்வு நேரத்தில், தாய் காட்டிய வழியில் மகளும் மகள் காட்டிய வழியில் பேத்தியுமாக அதையே மண் சுவரில் வரைந்து வந்தார்கள். 1966-67இல் பஞ்சம் வந்தது. அரசு அவர்கள் கையில் காகிதத்தைக் கொடுத்தது. உலகப் புகழ் வந்துவிட்டது.

கேட்க இதமான கதை. ராஜா வருகிறார், அரசு வருகிறது, பஞ்சம்கூடப் பாத்திரமாக வருகிறது. வரைந்தவள்தான் வரவில்லை. அவளுக்குக் கை உண்டு, தலை கிடையாது. எதை வரைவது, எதை விடுவது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததாக இந்தக் கதையில் ஒரு வரி இல்லை. பீகாரைப் பற்றி நமக்கு இருக்கும் பொதுவான எண்ணத்தோடு இது ஒட்டியும் போகிறது: முக்காட்டுக்குள் முகம், எழுத்தறிவு இல்லை, சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் புருஷன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருப்பு, பாவம் கொஞ்சம் கைவேலை தெரியும். இந்தக் கதையின் ஒவ்வொரு துண்டும் தப்பு என்பதுதான் என் கட்சி. அதுவும் ஏதோ தெரியாமல் நேர்ந்த தப்பு இல்லை. யாருக்கோ வசதியாக இருப்பதால் நீடிக்கிற தப்பு.

ஜனகர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மண் சுவரில் எழுதியது நாலு மழைக்காலம் தாங்காது. அடுத்த விசேஷத்துக்குச் சாணியும் மண்ணும் குழைத்து மேலே மெழுகிவிடுவார்கள். ஆகவே இரண்டாயிரம் ஆண்டுப் பழைய மிதிலைச் சுவர் என்று எங்கும் போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பெண்கள் வெகு காலமாக வரைந்து வந்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று எழுதியதைத்தான் இன்றும் எழுதுகிறார்கள் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது. பழமையைக் கூட்டக் கூட்ட இன்றைக்கு உட்கார்ந்து வரைபவள் நகல் எடுப்பவளாகக் குறைந்துபோகிறாள். பழமைப் பெருமை பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நமக்குக் கிடைக்கும் முதல் உறுதியான சான்று ஒரு விபத்தால் வந்தது. 1934 ஜனவரி 15 அன்று வட பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. மதுபனியில் அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற வெள்ளைக்காரர் சேதத்தைப் பார்க்கப் போனார். சுவர்கள் பிளந்து கிடந்ததால், அதுவரை வெளி ஆண் எவனும் பார்த்திராத உள்ளறைச் சுவர்கள் தெருவுக்குத் தெரிந்தன. புகைப்படம் எடுத்தார். 1949இல் ‘மார்க்’ இதழில் கட்டுரை எழுதினார். அந்தச் சுவர்களைப் பார்த்தபோது க்ளே, மீரோ என்று ஐரோப்பிய ஓவியர்கள் அவருக்கு ஞாபகம் வந்தார்கள். பிராமண வீட்டுச் சுவர் இப்படி, கயஸ்தர் வீட்டுச் சுவர் அப்படி என்று சாதிவாரியாகப் பிரித்தும் காட்டினார். நல்ல கண் உள்ள மனிதர், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கலையைப் பற்றிப் பேசும்போது ஐரோப்பாக்காரனுக்குப் பெயர், மிதிலைக்காரிக்குச் சாதி என்ற வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அதே ஆர்ச்சரும் அவர் மனைவி மில்ட்ரெடும் 1940 வாக்கில் இந்தப் பெண்களிடமிருந்து காகிதத்தில் வரைந்த சித்திரங்களையும் சேகரித்தார்கள். சுவரில் எழுதுவதற்கு முன் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளும் மாதிரித் தாள்கள் அவை. லண்டனில் இன்றும் இருக்கின்றன. அரசு வந்து காகிதம் கொடுப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அந்த வீடுகளில் காகிதம் இருந்தது, அதில் கோடும் இருந்தது. பஞ்ச காலத்தில் அகில இந்திய கைவினைப்பொருள் வாரியத்தின் புபுல் ஜெயகர், பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியை மதுபனிக்கு அனுப்பியதும், அவர் ஜித்வார்பூர், ராந்தி என்று ஊர் ஊராக அலைந்து பெண்களை வரையச் சொன்னதும் பெரிய காரியங்கள்தான். ஆனால் அங்கே புதிதாக வந்தது காகிதம் இல்லை, காசு. வீட்டுக்குள் சடங்குக்கு எழுதியதை வெளியே விலைக்குக் கொடுப்பதா என்று உறவும் ஊரும் முகம் சுளித்த காலத்தில், சரி என்று துணிந்தது யார்? ஜகதம்பா தேவி, சீதா தேவி, மகாசுந்தரி தேவி போன்ற பெண்கள். வாரியம் வாய்ப்பைக் கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டால் வரும் ஏச்சைத் தாங்கியவர்கள் அவர்கள்.

‘பெயர் தெரியாத’ என்கிறார்களே, யாருக்குத் தெரியாத? மிதிலையில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மணமக்கள் முதல் இரவுகளைக் கழிக்கும் கோஹ்பர் அறையின் சுவரில் எழுத யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். நல்ல கைக்காரி என்று பேர் எடுத்தவளைப் பக்கத்து ஊரிலிருந்தும் வந்து அழைப்பார்கள். நம் தெருவில் மார்கழி மாதம் விடிகாலையில் போட்ட கோலத்தைப் பார்த்து, இது மூன்றாம் வீட்டு அக்கா கை, இது அவர் மருமகள் கை, புள்ளி நேராக இருக்கிறது, இழை இழுத்தது அவசரம் என்று நம் பாட்டிகள் சொல்லமாட்டார்களா? கோலத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனாலும் தெருவில் அது அநாமதேயம் இல்லை. வெளியூர்க்காரனுக்குத்தான் அது ‘தமிழ்ப் பெண்களின் பாரம்பரியக் கோலம்’. மிதிலையிலும் அதே கதை. பெயர் எப்போதும் இருந்தது. வெளியிலிருந்து வந்தவர் கேட்கவில்லை.

அந்தக் கோஹ்பர் சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நடுவில் தாமரைக் கொடி வட்ட வட்டமாகப் பரவி நிற்கும். அதை ஊடுருவி ஒரு மூங்கில் தண்டு மேலேறும். சுற்றிலும் மீன், ஆமை, கிளி, பாம்பு, சூரியன், சந்திரன். அறையின் மூலைகளில் ஒற்றைக் கண் தெரிய நைனா ஜோகின் என்னும் காவல் பெண். மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றினால் தூரிகை. விளக்குக் கரி கறுப்பு, மஞ்சள் மஞ்சளுக்கு, அவரை இலை பச்சைக்கு. பென்சிலில் ஒத்திகை கிடையாது, அழித்து எழுதுவது கிடையாது. வெளிக்கோட்டை இரண்டாக இழுத்து, இரண்டுக்கும் நடுவே நகத்தின் அகலம்கூட இல்லாத இடத்தில் குறுக்கே குறுக்கே சிறு கீற்றுகள் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு மீனுக்கு நூற்றுக்கணக்கில் கீற்று. எங்கே கீற்றை நெருக்குவது, எங்கே வெறுமையாக விடுவது என்பது ஒவ்வொரு அங்குலத்திலும் ஒரு தீர்மானம். சட்டகம் பொதுச் சொத்துதான். அதற்குள் நடக்கும் தீர்மானங்கள் ஒருத்தியுடையவை. ராகத்தின் ஆரோகணம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதற்காக எம்.எஸ். பாடியதற்கும் பட்டம்மாள் பாடியதற்கும் வித்தியாசமில்லை என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் சபாவில் உட்காரவிடுவார்களா?

அடுத்து அந்த ‘ஓய்வு நேரம்’. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

2011 கணக்கெடுப்பின்படி பீகார் மக்களில் நூற்றுக்கு 88 பேருக்கு மேல் கிராமத்தில் இருக்கிறார்கள். அந்தக் கிராமங்களிலிருந்து ஆண்கள் பஞ்சாபுக்கும் குஜராத்துக்கும் நம் ஊர்க் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்துவிடுகிறார்கள். அப்படியென்றால் அங்கே நாற்று நடுவது யார்? எருமைக்குப் புல் அறுப்பது, வரட்டி தட்டிக் காய வைப்பது, ஆடு மேய்ப்பது, மாமனாருக்கு மருந்து வாங்குவது? ஆனால் தேசிய தொழிலாளர் கணக்கெடுப்பின் 2017-18 அறிக்கையில், பீகாரில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பில் பங்கேற்பவர்கள் நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை. மற்றவர்கள் சும்மா இருப்பதாக அர்த்தம். அடுத்த சில ஆண்டுகளில் அதே எண் பல மடங்கு ஏறிவிட்டது. அதற்குள் லட்சக்கணக்கான பெண்கள் புதிதாகப் பால் கறக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று நம்புவதற்கில்லை. குடும்ப வயலிலும் தொழுவத்திலும் கூலியில்லாமல் செய்ததை வேலைக் கணக்கில் சேர்க்கும்போது எண் ஏறுகிறது, விடும்போது இறங்குகிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்போ, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவழிக்கிறாள், அதே வேலை செய்யும் ஆண் 97 நிமிடம் என்கிறது. நாடு முழுமைக்கான கணக்கு இது. மிதிலைக் கிராமத்துப் பெண்ணுக்கு இதைவிட ஓய்வு என்று யாராவது வாதாடினால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

வேலையை வேலையாக எண்ணாத அந்தக் கண்தான் ஓவியத்தைப் பொழுதுபோக்காகவும் பார்க்கிறது. கல்யாண வீட்டில் சுவரெழுதுவது பந்தல் போடுவதைப் போல, சமையலைப் போல முடித்தே ஆக வேண்டிய வேலை. நேரம் குறித்த வேலை. முகூர்த்தத்துக்குள் முடியாவிட்டால் ஏச்சு விழும். ஓய்வாக இருந்ததால் வரைந்தார்கள் என்பது வரையாதவர்களின் ஊகம்.

இப்போது கங்கா தேவிக்கு வருகிறேன். என் கட்சிக்கு ஒரே ஒரு சாட்சி போதும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவேன்.

1928இல் மதுபனிப் பக்கம் கயஸ்தர் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளை தங்கவில்லை. புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். சொந்த வீட்டிலேயே இடமில்லாமல் போன பெண்ணுக்குக் கையில் இருந்தது கச்னி என்னும் கோட்டு வேலை. வண்ணம் நிரப்பாமல், கறுப்பிலும் சிவப்பிலும் மெல்லிய கோடுகளை மட்டும் நம்பும் முறை. கல்யாணச் சுவரின் மங்கலச் சின்னங்களோடு அவர் நின்றுவிடவில்லை. ‘மனித வாழ்க்கை’ என்ற வரிசையில் ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கையைக் கர்ப்பம், பிரசவம், சடங்கு என்று கட்டம் கட்டமாக எழுதினார். அப்படி ஒரு வரிசையை எழுத எந்த மாமியாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சடங்குக்குப் பயன்பட்ட மொழியை எடுத்து, அந்தச் சடங்குகளுக்கு நடுவே வாழ்கிறவளின் கதையைச் சொல்ல வைத்தார். நவீன கலைஞர் என்று நாம் யாரைச் சொல்வோமோ அவர் செய்யும் காரியம் இதுதான்.

1985இல் இந்திய விழாவுக்காக அமெரிக்கா போனார். ரோலர் கோஸ்டர் ராட்டினத்தையும் வாஷிங்டன் நினைவுத் தூணையும் அதே கச்னிக் கோட்டில் வரைந்தார். பிறகு புற்றுநோய் வந்தது. தில்லியில் ஆஸ்பத்திரி வாசம், சிகிச்சை. அதையும் வரைந்தார்: ஊரிலிருந்து சிகிச்சைக்குக் கிளம்பியது, வார்டு, கட்டில்கள், டாக்டர்கள். தாமரைக்கும் மீனுக்கும் பழகிய கோடு ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஓடியது. இந்தியாவில் நோயாளி தன் நோயைத் தானே வரைந்து வைத்த சித்திரங்கள் எத்தனை இருக்கும்? நம் நவீன ஓவிய வட்டாரங்களில் அவை எத்தனை முறை பேசப்படுகின்றன? ‘கிராமியக் கலை’ அலமாரியில் வைத்துவிட்டதால் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

நோயோடு இருந்த அதே காலத்தில் தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு முழு அறைக்குக் கோஹ்பர் எழுதினார். 1991இல் இறந்தார். அருங்காட்சியகத்தை நடத்தி வந்த ஜோதீந்திர ஜெயின் அவரைப் பற்றி 1997இல் முழு நூலே எழுதினார். மிதிலைப் பெண் ஒருத்தியைத் தனிக் கலைஞராகப் பார்த்து எழுதப்பட்ட அரிய நூல். அந்த அறைக்கு என்ன ஆனது? 2015இல் புதுப்பிப்பு வேலை என்ற பெயரில் அந்தச் சுவர்ச் சித்திரம் அழிந்தது. பத்மஸ்ரீ வாங்கியவர், மறைவதற்கு முன் எழுதிய பெரிய படைப்பு, நாட்டின் தலைநகரில், கைவினையைக் காப்பதற்கென்றே இருக்கும் கட்டடத்தில். ஹுசைன் வரைந்த சுவர் ஒன்று அங்கே இருந்திருந்தால் சுண்ணாம்புச் சட்டியோடு யாராவது கிட்டப் போயிருப்பார்களா? ‘பாரம்பரியம்’ என்று எண்ணியதால்தான் அழிக்க முடிந்தது. பாரம்பரியம் என்றால் இன்னொருத்தியைக் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொல்லலாம் அல்லவா? கங்கா தேவியை அப்படிக் கூப்பிட முடியாது.

வெளிநாட்டு ரசிகர்களும் இந்த விஷயத்தில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஈவ் வெகோ என்ற பிரெஞ்சுக்காரர் 1970களில் எழுதிய புத்தகம் உலகமெங்கும் போயிற்று. மிதிலைப் பெண்கள் கோஹ்பர் எழுதித் தங்களுக்குப் பிடித்த ஆணிடம் கொடுத்து மணம் கேட்பார்கள் என்பது போன்ற கற்பனைகள் அதில் உண்டு. பெரியவர்கள் பேசி முடித்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் புருஷன் வீட்டுக்குப் போன பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே போய் ஆராய்ந்த மானிடவியலாளர் கரோலின் ஹென்னிங் பிரவுன் இந்த மாதிரிக் கதைகளைக் கேள்வி கேட்டு எழுதினார். புத்தகம் பரவிய அளவுக்கு மறுப்பு பரவவில்லை.

‘தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது’ என்ற துண்டு மிச்சம் இருக்கிறது. இது மிதிலையின் மேல்சாதி வீடுகளுக்கு ஓரளவு பொருந்தும். ஜித்வார்பூரின் துசாத் பெண்களுக்குப் பொருந்தாது. அவர்கள் தலித்துகள். 1970களில், பிராமண, கயஸ்தர் வீட்டுப் பெண்கள் காகிதத்தில் வரைந்து சம்பாதிப்பதைப் பார்த்து அவர்களும் இறங்கினார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் எரிகா மோசர் தூண்டுகோலாக இருந்தார். ஆனால் எதை எழுதுவது? ராமனும் கிருஷ்ணனும் உங்களுக்கு எதற்கு என்ற பார்வை ஊரில் இருந்தது. சானோ தேவியும் அவரோடு சேர்ந்தவர்களும் தங்கள் உடம்பைப் பார்த்தார்கள். கையிலும் காலிலும் பச்சை குத்தியிருந்தது. அந்தப் பச்சைக் குத்தின் சிறு சிறு உருவங்களை, வரிவரியாக, வட்டவட்டமாகக் காகிதத்துக்கு ஏற்றினார்கள். அதுதான் கோத்னா பாணி. தங்கள் சமூகத்து வீரன் ராஜா சலேசின் கதையை எழுதினார்கள். ஜமுனா தேவி காகிதத்தின் மேல் சாணிக் கரைசலைப் பூசி அந்த நிறத்தையே பின்புலமாக்கினார். பார்த்துவிட்டு மற்றவர்களும் பூச ஆரம்பித்தார்கள். இன்று கடைகளில் ‘பழங்காலத் தோற்றம்’ என்று விரும்பி வாங்கப்படும் அந்தப் பழுப்பு நிறத்துக்கு ஐம்பது வயதுதான் ஆகிறது.

ஆக, ‘பாரம்பரியம்’ என்று நாம் வாங்கும் ஒரு முழுப் பாணி, நம் காலத்தில், பெயர் சொல்லக்கூடிய ஏழைப் பெண்கள், ஊரின் சாதிச் சுவரில் முட்டிக்கொண்டு கண்டுபிடித்தது. கோத்னாக் கலைஞர்களான சாந்தி தேவிக்கும் அவர் கணவர் சிவன் பாஸ்வானுக்கும் 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1975இல் ஜகதம்பா தேவிக்குக் கிடைத்த அந்த விருது கோத்னாவை வந்தடைய அரை நூற்றாண்டு பிடித்தது.

துலாரி தேவியின் கதை இன்னும் நேரானது. மல்லா என்னும் மீனவச் சமூகம். சின்ன வயதில் கல்யாணம், பிறந்த குழந்தை இறந்தது, தாய் வீட்டுக்குத் திரும்பினார், வீட்டு வேலைக்குப் போனார். வேலை பார்த்த இடம் ராந்தியில் மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி என்னும் பெரிய ஓவியர்களின் வீடு. பெருக்கித் துடைத்துக்கொண்டே பார்த்தார். பிறகு கேட்டுக் கற்றுக்கொண்டார். அந்தக் குடும்பம் கற்றுக்கொடுத்தது, அதற்கு மரியாதை. ஆனால் தாய் மகள் பரம்பரை எங்கே இதில்? எசமானி வீட்டுத் தொழிலை வேலைக்காரப் பெண் தன் தொழிலாக்கிக்கொண்ட கதை இது. குளம், மீன்பிடி, வயல், சந்தை என்று மகாசுந்தரி வரையாத உலகத்தை அவர் வரைந்தார். அவர் வாழ்க்கையைப் படங்களோடு புத்தகமாகக் கொண்டுவந்தது சென்னையின் தாரா புக்ஸ். நம் ஊருக்கும் ராந்திக்கும் உள்ள நிஜமான உறவு அது. 2021இல் பத்மஸ்ரீ. 2025 பட்ஜெட் அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கட்டிய புடவை துலாரி வரைந்தது. அன்று தொலைக்காட்சிகள் எல்லாம் புடவை நிறத்தையும் தேர்தல் கணக்கையும் பேசின. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னார்கள், அதுவரைக்கும் நல்லது.

தூரிகையை விட்டு ஊசிக்கு வந்தாலும் இதே நிலைமைதான். முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்ற ஊர். பழம் புடவைகளை அடுக்கி ஓட்டத் தையல் போட்டுப் பிறந்த குழந்தைக்கு விரிப்பு செய்வார்கள். சுஜனி என்று பேர். 1980களின் கடைசியில் விஜி சீனிவாசன் நடத்திய அதிதி அமைப்பின் துணையோடு அந்த ஊர்ப் பெண்கள் சுஜனியை விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார்கள். பூவும் கிளியும் தைக்கச் சொன்னால் தைத்திருப்பார்கள். அவர்கள் அதோடு வரதட்சணையைத் தைத்தார்கள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனை, பெண் சிசுவைக் கொல்வதை, ஓட்டுப் போடப் போகும் பெண்களைத் தைத்தார்கள். வாய் திறந்து சொல்ல முடியாத வீட்டு விஷயத்தைத் துணியில் எழுதி வெளியூருக்கு விற்றார்கள். எழுத்தறிவில்லாதவர்கள் என்று பரிதாபப்படுகிறவர்கள் அந்தத் துணியைப் படித்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். நல்ல ரசனை உள்ள நண்பர்களே சொல்வார்கள்: சந்தை வந்து கெடுத்துவிட்டது, முன்பு பக்தியோடு எழுதினார்கள், இப்போது ஆர்டருக்கு எழுதுகிறார்கள், ஒரே கிருஷ்ணன் ஒரே மீன். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தில்லி ஹாட்டிலும் கைவினைச் சந்தைகளிலும் குவிந்திருப்பதில் முக்கால்வாசி அவசர வேலை. ஆனால் அவசர வேலை ஏன் நடக்கிறது? ஒரு தாளுக்கு இடைத்தரகர் இருநூறு ரூபாய் கொடுத்தால் இருநூறு ரூபாய்க்கு எவ்வளவு நேரம் உட்கார முடியுமோ அவ்வளவுதான் உட்காருவாள். தமிழ் சினிமாவில் வருஷத்துக்கு இருநூறு படம் வருகிறது, நூற்றெண்பது குப்பை. அதற்காகக் கேமரா கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பணம் வாங்காமல் பக்தியோடு எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஏழைப் பெண்ணிடம் மட்டும்தான். சங்கீத வித்வானின் பக்தி கச்சேரிக் கட்டணத்தில் கரைவதில்லை. வாத்தியார் தட்சிணை வாங்கினால் மந்திரம் பலிக்காமல் போவதில்லை. சந்தை வந்த பிறகுதான் கங்கா தேவி ஆஸ்பத்திரியை வரைந்தார், துலாரி தேவி குளத்தை வரைந்தார், பாவா தேவி 1989இல் பாரீசின் பாம்பிடு மையத்தில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் போனார். 2003இல் மதுபனியில் தொடங்கிய மிதிலா கலை நிலையத்தில் படித்த பெண்கள் பெண் கருவைக் கலைப்பதையும் வரதட்சணைத் தீயையும் வரைகிறார்கள். காசு வராமல் இருந்திருந்தால் இந்தச் சித்திரங்கள் பிறந்தே இருக்காது.

காசு வேண்டாம், சேவை போதும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மதுபனி ரயில் நிலையமே சாட்சி. 2017இல் அதன் சுவர்களை ஆயிரக்கணக்கான சதுர அடிக்கு ஓவியர்கள் எழுதினார்கள், பெரும்பாலும் பெண்கள். வண்ணம் கொடுத்தார்கள், கூலி கொடுக்கவில்லை. அது உழைப்புத் தானமாம். அடுத்த ஆண்டு, நாட்டின் அழகான ரயில் நிலையங்களில் இரண்டாம் பரிசு அந்த நிலையத்துக்குக் கிடைத்தது. அந்தக் கட்டடத்துக்குச் சிமென்ட் பூசிய கொத்தனார் தானமாகப் பூசியிருப்பாரா? மின்விசிறி மாட்டியவர்? பெண் எழுதியது என்பதால், அதுவும் ‘பாரம்பரியம்’ என்பதால், கூலி கேட்டால் ஊர்ப் பற்று இல்லாதவள் ஆகிவிடுகிறாள். விடுமுறை நாளில் வந்து அவர்கள் சந்தோஷமாகத்தான் எழுதினார்கள் என்பார்கள். சந்தோஷமாக வேலை செய்கிறவருக்குச் சம்பளம் வேண்டாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

2007இல் மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது காப்பது ஊரின் பெயரை, ஒருத்தியின் கோட்டை அல்ல. அதற்கு வேறு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓவியருக்கு வாழ்நாள் முழுவதும், இறந்த பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. பட்டதாரி ஓவியர், பள்ளிக்கூடம் போகாத ஓவியர் என்று அது பார்ப்பதில்லை. ஆனால் தன்னுடையது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பாரம்பரியத்துக்கு ஆள் கிடையாது. ‘பெயர் தெரியாத பெண்களின் கலை’ என்று அட்டையில் அச்சடிப்பவருக்கு அது அழகான வாக்கியம். ஒரு ஓவியத்தைக் கைபேசியில் படம் பிடித்து, சூரத்தில் ஆயிரம் புடவைக்கு டிஜிட்டலில் அச்சடித்து, நம் ஊர்க் கடையில் ‘மதுபனி பிரிண்ட்’ என்று அடுக்குகிறவருக்கு அது உரிமம். கங்கா தேவி 1991இல் இறந்தார். அவர் கோடுகளின் உரிமை 2051 முடியும் வரை உயிரோடு இருக்கிறது. அவற்றைப் புடவையில் அச்சடிக்க நினைப்பவர் மதுபனிக்குப் போய், உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அனுமதி கேட்டு, பணம் கட்ட வேண்டும்.